பாலூட்டும் தாய் ஓடலாமா?

பெண்ணொருத்தி வீதியில் நடந்து சென்றால் எவரும் காரணம் கேட்பதில்லை. அவளே ஓடிச் சென்றால், "என்ன நடந்தது?" என்று வேலிக்கு மேலால் நாலு தலைகள் எட்டிப் பார்க்கும். அவள் கைக்குழந்தைக்குத் தாயாகவும் இருந்துவிட்டால் கேள்வி அறிவுரையாக மாறும். அறிவுரை கண்டனமாக மாறும். பிள்ளை பெற்றவள் மீண்டும் ஓடலாமா, பாலூட்டும் காலத்தில் ஓடினாற் பாலுக்குக் கேடு வருமா என்னும் வினாக்களை உடன் கற்பிக்கும் ஆசிரியைகள் எம்மிடம் கேட்டதுண்டு. அண்மையிற் பழைய மாணவி ஒருத்தி கோயில் வீதியில் எம்மைக் கண்டு, அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலிற் கேட்டாள். தாழ்ந்த குரலிற் கேட்கவேண்டிய வினா அன்று அது. ஆதலின் எல்லோரும் வாசிக்கும் இப்பகுதியில் அதனை எழுத விரும்புகிறோம்.

நாம் பேர்பெற்ற ஓட்டக்காரி அல்லோம். பள்ளிக் காலத்தில் இல்ல மெய்வல்லுநர் போட்டியில் 800 மீற்றர் ஓடினோம். அவ்வளவே எமது விளையாட்டு வரலாறு. ஆயினும் ஓடும் பழக்கம் எம்மை விட்டுப் போகவில்லை. பட்டப்படிப்பின் போதும், ஆசிரியத் தொழிலுக்கு வந்த பின்னரும், விடியலில் அரைமணி நேரம் ஓடிவருவது எமக்கு வழக்கம். அந்த அரைமணி நேரத்தில் நாம் எவருக்கும் ஆசிரியை அல்லோம். எவருக்கும் மருமகள் அல்லோம். மூச்சும் அடியும் ஒத்துச் செல்வதைக் கேட்டுக்கொண்டு போகும் ஓர் உயிர், அவ்வளவுதான். இரண்டாவது மகன் பிறந்தபொழுது எமக்கு வயது முப்பத்தெட்டு. மீண்டும் ஓடவேண்டும் என்ற எண்ணத்தை வீட்டில் வெளியிட்ட அன்று மாமி சொன்னார்:

"பிள்ளை, இது பச்சை உடம்பு. ஓடினால் பால் புளிச்சுப் போகும். பிறகு வத்திப் போகும். குழந்தைதான் பட்டினி கிடக்கும்."

இச்சொற்களை யாழ்ப்பாணத்தில் எத்தனையோ மருமக்கள் கேட்டிருப்பர். இவற்றுள் ஒரு பகுதி உண்மை. ஒரு பகுதி உண்மையன்று. இரண்டையும் பிரித்து அறிவதே எமக்கு அப்பொழுது வேண்டியிருந்தது.

பச்சை உடம்பு என்பது முழு உண்மை. பிள்ளைப்பேற்றின் பின் முப்பத்தொரு நாள் வரை எமது முன்னோர் தாயை அறையில் இருத்தினர், வெந்நீரில் வார்த்தனர், சரக்கு அரைத்துப் பத்தியக் கறி கொடுத்தனர், குடம் தூக்க விடவில்லை. எமது பாட்டிமாருட் பலருக்கு வாழ்நாளிற் கிடைத்த ஓய்வு அம்முப்பத்தொரு நாட்களே. கருப்பை பழைய அளவுக்குச் சுருங்கி வர ஏறத்தாழ ஆறு கிழமைகள் ஆகும் என்று இன்றைய வைத்தியம் கூறுகின்றது. நூல் கல்லாத மருத்துவிச்சிமார் வகுத்த ஓய்வை நாம் நகைக்க வேண்டியதில்லை, போற்றவே வேண்டும்.

ஆனால் அந்த ஓய்வு முடிந்த மறுகிழமையே அதே பாட்டிமார் துலாக் கயிற்றைப் பிடித்தனர். உரலில் மா இடித்தனர். குழந்தையை மர நிழலில் ஏணையிற் போட்டுவிட்டு வயலில் இறங்கினர். மா இடித்தாற் பால் வற்றும் என்று எவரும் அவர்களைத் தடுத்ததாக நாம் கேள்விப்படவில்லை. உலக்கை பிடித்த கைக்கு இல்லாத தடை ஓடும் காலுக்கு எங்கிருந்து வந்தது? வீட்டுக்காகப் பெண் வியர்வை சிந்தினால் அது கடமை என்றும், தனக்காகச் சிந்தினால் அது கேடு என்றும் எண்ணும் வழக்கம் ஒன்று எம்மிடையே இருக்கின்றது. பாலின் பெயரால் அந்த வழக்கமும் சேர்ந்து பேசுகின்றதோ என்ற ஐயம் எமக்கு உண்டாயிற்று. ஐயம் மட்டும் போதாது; ஆதாரமும் வேண்டும். எனவே நூல்களை நாடினோம்.

1994 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. பிள்ளை பெற்று ஆறு முதல் எட்டுக் கிழமைகளான, தாய்ப்பால் மட்டுமே ஊட்டிய 33 தாய்மாரை இரு பிரிவாகப் பிரித்தனர். ஒரு பிரிவினர் கிழமையில் 5 நாட்கள், நாளொன்றுக்கு 45 நிமிடங்கள், இவ்வாறு 12 கிழமைகள் தேகப்பயிற்சி செய்தனர். மற்றப் பிரிவினர் செய்யவில்லை. முடிவில், சுரந்த பாலின் அளவிலோ, பாலின் சத்திலோ, குழந்தைகளின் நிறை ஏறிய வேகத்திலோ இரு பிரிவுக்கும் இடையே வேற்றுமை காணப்படவில்லை. பயிற்சி செய்த தாய்மாரின் இதயமும் நுரையீரலும் வலிமை பெற்றிருந்தன என்பதே கண்ட வேற்றுமை.

பால் புளிக்கும் என்ற பேச்சுக்கு ஒரு சிறு வேர் உண்டு. உடலை முற்றாகக் களைப்புறச் செய்யும் கடும் பயிற்சியின் பின் பாலில் லக்ரிக் அமிலம் சற்றுக் கூடுகின்றது. தயிரிலும் இருக்கின்ற அமிலமே அது; குழந்தைக்குத் தீங்கு செய்வதன்று. 1992 ஆம் ஆண்டில் நடந்த ஓர் ஆய்வில், அத்தகைய பாலைத் துளித்துளியாக வாயில் விட்டபொழுது சில குழந்தைகள் முகம் சுளித்தன. ஆனால் 2002 ஆம் ஆண்டில் வெளியான வேறோர் ஆய்வில், பயிற்சிக்கு முன் எடுத்த பாலையும் பின் எடுத்த பாலையும் போத்தலில் ஊட்டிப் பார்த்தபொழுது குழந்தைகள் இரண்டையும் ஒன்றுபோலவே குடித்தன. மூச்சு வாங்காமல் ஒரு வசனம் பேசக்கூடிய அளவில் ஓடும் தாய்க்கு அந்தச் சிறு கவலையும் வேண்டியதில்லை. ஓடப் போகுமுன் குழந்தைக்குப் பாலூட்டிவிட்டால் மார்பின் பாரம் குறையும். திரும்பி வந்து வியர்வையின் உப்பைக் கழுவிவிட்டு ஊட்டினாற் போதும்.

இவற்றையெல்லாம் வாசித்து, மாமியிடம் ஒரு மாலையில் மெல்ல எடுத்துச் சொன்னோம். மாமி மறுத்துப் பேசவில்லை. நெடுநேரம் பேசாமல் இருந்தார். பின்பு, நாம் முன்னர் ஒருபோதும் கேட்டிராத ஒன்றைச் சொன்னார். 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஓரிரவிலே வீடு வாசலை விட்டுத் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்ததை எம்மவர் அறிவர். அந்த இரவில் மாமியும் அவ்வீதியில் நின்றார்.

"அண்டைக்கு நாங்கள் ஓடினனாங்கள். எனக்குப் பக்கத்திலை வந்த பெட்டைக்குக் கையிலை ரெண்டு மாதக் குழந்தை. மழை. விடியுமட்டும் அது அழுதது. அவளுக்குப் பால் வரேல்லை."

அதற்கு மேல் மாமி ஒன்றும் சொல்லவில்லை. அக்குழந்தை என்னவாயிற்று என்று நாமும் கேட்கவில்லை.

அன்றுதான் எமக்கு ஒன்று விளங்கிற்று. எமது ஊரில் ஒரு தலைமுறைக்கு ஓட்டம் என்ற சொல்லின் பொருளே வேறு. ஓடுதல் என்றால் இடம்பெயர்தல். பால் வற்றுதல் என்றால் கையிற் குழந்தையோடு வழியில் நிற்றல். மாமியின் தடை அறியாமையிற் பிறந்ததன்று, கண்டதிற் பிறந்தது. அவர் கண்டதும் பொய்யன்று. மார்பிற் பால் இருந்தாலும் அதனை வெளியே செலுத்துவதற்கு ஒக்ஸிரோசின் என்னும் சுரப்பு வேண்டும். பெரும் அச்சமும் துன்பமும் அச்சுரப்பைத் தடுக்கும். பசியும் தாகமும் களைப்பும் மேலும் வாட்டும். அந்த இரவில் அப்பெண்ணின் பாலை நிறுத்தியவை இவையே. காலின் ஓட்டம் அன்று. விடியற் காலையில், வயிறார உண்ட தாய், தன் விருப்பத்தோடு, திரும்பி வர ஒரு வீடு உண்டு என்ற நிச்சயத்தோடு ஓடுவதும், அந்த ஓட்டமும் பெயரால் மட்டுமே ஒன்று. இதனை மாமிக்கு நாம் சொல்லியபொழுது, நூற்செய்தி செய்யாததை அது செய்தது. "அப்ப மெல்ல ஓடு பிள்ளை. நான் குழந்தையை வைச்சிருக்கிறன்" என்றார்.

பாலைப் பற்றிய அச்சம் இவ்வாறு தீர்ந்தது. ஆயினும் உடனே ஓடிவிட முடியாது. பால் தடை அல்ல என்றால் தடை எது? அதனை நம்மவர் அதிகம் பேசுவதில்லை. இடுப்பெலும்புக் கூட்டின் அடியில், ஏணை கட்டியதுபோல, சில தசைகள் விரிந்து கிடக்கின்றன. சலப்பையையும் கருப்பையையும் மலக்குடலையும் அவையே தாங்குகின்றன. ஒன்பது மாதம் குழந்தையின் பாரத்தைத் தாங்கி, பேற்றின்போது மிகவும் இழுபட்டுத் தளர்ந்தவை அவை. ஓடும்பொழுது ஒவ்வோர் அடியிலும் உடல் நிறையின் இரண்டரை மடங்கு வரையிலான விசை கீழிருந்து தாக்குகின்றது. தளர்ந்த ஏணையிற் பாரத்தை மீண்டும் மீண்டும் போட்டால் என்னவாகும்? சிறுநீர் கசியும், அடிவயிறு கீழே இறங்குவது போன்ற பாரம் தோன்றும். சத்திரசிகிச்சை மூலம் பிள்ளை பெற்றவருக்கு இன்னொன்றும் உண்டு. தோலிலுள்ள காயம் விரைவில் மாறினாலும், உள்ளேயுள்ள வயிற்றுச் சுவர் தன் பழைய வலிமையை நெருங்குவதற்கு மாதங்கள் பல செல்லும்.

இதனாலேயே பிரித்தானிய இயன்மருத்துவர் மூவர் 2019 ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி, பிள்ளைப்பேற்றின் பின் மூன்று மாதங்களுக்கு முன் ஓட்டம் வேண்டாம் என்று கூறுகின்றது. மூன்று மாதமும் நாட்காட்டியை மட்டும் பார்த்துத் தீர்மானிப்பதன்று. நோவோ கசிவோ பாரமோ இன்றி 30 நிமிடம் நடக்க முடிகின்றதா? ஒற்றைக் காலில் 10 விநாடி அசையாது நிற்க முடிகின்றதா? நின்ற இடத்திலே ஒரு நிமிடம் ஓடும் பாவனை செய்ய முடிகின்றதா? ஒவ்வொரு காலிலும் பத்து முறை துள்ள முடிகின்றதா? இவை முடிந்தால் மட்டுமே ஓட்டத்தை எண்ணலாம். அதுவரை நடை நல்லது. வைத்தியர் தடை சொல்லாத தாய்மார் கிழமைக்கு 150 நிமிடமாவது மிதமான தேகப்பயிற்சி செய்வது நன்று என உலக சுகாதார நிறுவனம் 2020 ஆம் ஆண்டில் எழுதியிருக்கின்றது. விரைந்த நடையும் அக்கணக்கிற் சேரும்.

நாம் ஆறாம் கிழமையிற் கிளினிக்கில் வைத்தியரிடம் காட்டி, அதன்பின் நடந்தோம். பதின்மூன்றாம் கிழமையில் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று ஏழு முறை, மொத்தம் இருபத்தொரு நிமிடம் செய்தோம். முதல் நாள் மூச்சு வாங்கியது, மனமோ ஊஞ்சலாடியது. ஆனால் பதினைந்தாம் கிழமையில் ஒரு காலை, சிறிது சிறுநீர் கசிவதை உணர்ந்தோம். எத்தனையோ தாய்மார் இந்த இடத்திலேதான், எவருக்கும் சொல்லாமல், சப்பாத்தைக் கழற்றி வைத்துவிடுகின்றனர். வலைப்பந்தாட்டத்தை விட்டோர் உண்டு. நடனத்தை விட்டோர் உண்டு. வாய்விட்டுச் சிரிப்பதையே விட்டோரும் உண்டு. பிள்ளை பெற்றால் இதெல்லாம் இருக்கும்தான் என்று ஆறுதல் சொல்லுவர். பலருக்கு நேர்வது என்பது மெய். ஆனால் சகித்துக்கொண்டே இருக்கவேண்டியது என்பது மெய்யன்று.

நாம் வைத்தியரிடம் சொன்னோம். அவர் பெண் இயன்மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினார். அவர் கற்பித்த பயிற்சி மிக எளியது. சிறுநீரை அடக்குவது போல அடித்தசைகளை மேல்நோக்கி இறுக்கி, மூச்சைப் பிடிக்காமல், சில விநாடி வைத்திருந்து, பின் முற்றாகத் தளர்த்துதல். ஒரு தடவைக்குப் பத்து, நாளுக்கு மூன்று தடவை. ஆர்னோல்ட் கீகல் என்னும் அமெரிக்க வைத்தியர் 1948 ஆம் ஆண்டிலேயே இப்பயிற்சியைப் பற்றி எழுதினார். காசு வேண்டாம்; கருவி வேண்டாம்; குழந்தைக்குப் பாலூட்டும்பொழுதே செய்யலாம். ஓட்டத்தை நிறுத்தி ஆறு கிழமை இதனைச் செய்து நடந்தோம். இருபத்திரண்டாம் கிழமையில் மீண்டும் ஓடினோம். கசிவு இல்லை.

உணவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். தாய்ப்பால் மட்டும் ஊட்டும் தாய் நாளொன்றுக்கு ஏறத்தாழ 750 மில்லிலீற்றர் பால் கொடுக்கிறாள். அதற்காக அவள் உடல் செலவிடும் சத்து ஏறத்தாழ 500 கலோரி. ஐம்பத்தைந்து கிலோ நிறையுள்ள பெண் ஒரு கிலோமீற்றர் ஓடச் செலவாவது ஏறத்தாழ 55 கலோரி. கணக்குப் பார்த்தால், பாலூட்டும் தாய் பாயில் இருந்தபடியே நாள்தோறும் ஒன்பது கிலோமீற்றர் ஓடுகிறாள்! அதற்கு மேல் காலாலும் ஓடுபவள் உணவைக் குறைத்து உடம்பை மெலிவிக்க முயல்வது தகாது. பாலுக்காக அவள் எலும்பிலிருந்து சுண்ணச்சத்தும் சிறிது இறங்குகின்றது. பால்குடி மறந்த பின் அது மீண்டும் ஏறும். அதுவரை குரக்கன், எள்ளு, முருங்கையிலை, பசுப்பால், மச்சம் உண்போர்க்கு நெத்தலி ஆகியவை தட்டில் இருக்கவேண்டும். பத்தியக் கறி சமைத்த கைகளுக்கு இதனை நாம் கற்பிக்கவேண்டியதில்லை.

உலகறிந்த ஓட்டக்காரருக்கும் இந்த நியதியில் விலக்கு இல்லை. இங்கிலாந்தின் போலா ராட்கிளிவ் 2007 ஆம் ஆண்டு சனவரியில் மகளைப் பெற்றார். முதுகின் கீழ்ப்பகுதி எலும்பில் ஏற்பட்ட வெடிப்பு அவர் மீள்வருகையைத் தாமதப்படுத்தியது. அவ்வாண்டு நவம்பரிலேயே நியூயோர்க் மரதன் ஓட்டத்தில் வென்றார். யஸ்மின் பாரிஸ் என்னும் மிருக வைத்தியர் 2019 ஆம் ஆண்டு சனவரியில், இங்கிலாந்திலிருந்து ஸ்கொட்லாந்து வரை செல்லும் 268 மைல் மலைவழி ஓட்டத்தை 83 மணி 12 நிமிடத்தில் முடித்து, ஆடவர் அனைவரையும் முந்தினார். வீட்டிலிருந்த பதினான்கு மாத மகளுக்கு அப்பொழுதும் பாலூட்டி வந்தவர் அவர். இடைநிலையங்களிற் பாலைக் கறந்துவிட்டு ஓடினார். இவர்களைப் போல ஓடவேண்டும் என்பதற்காக இதனைச் சொல்லவில்லை. பாலும் ஓட்டமும் ஒரே உடலில் அடங்கும் என்பதற்குச் சான்றாகவே சொல்கிறோம். 1948 ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் நான்கு தங்கப் பதக்கம் வென்ற ஒல்லாந்து நாட்டு ஃபானி பிளாங்கர்ஸ்-கூன் இரு பிள்ளைகளின் தாய். வீட்டில் இருந்து பிள்ளைகளைப் பார் என்று அவருக்கும் கடிதம் எழுதினார்கள். வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்போர் எந்நாட்டிலும் உளர்.

இறுதியாக ஒன்று. எமது நாட்டில் அரச பாடசாலை ஆசிரியைக்கு முழுச் சம்பளத்துடன் கிடைக்கும் பிரசவ விடுமுறை 84 வேலை நாட்கள். ஏறத்தாழ நான்கு மாதம். உடம்பு ஓட்டத்துக்கு ஆயத்தமாகும் வேளையிலேதான் தொழிலும் வந்து கதவைத் தட்டுகின்றது. அப்பொழுது தாய்க்கு அரிதாவது உடல் வலிமையன்று; அரைமணி நேரம். அதனை அவள் தானே உண்டாக்க முடியாது, வீட்டார் கொடுக்கவேண்டும். எமக்கு மாமி கொடுத்தார். மாமிக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் எம் கணவர் குழந்தையைத் தோளிற் போட்டுக்கொண்டு முற்றத்தில் உலாவினார். மார்கழி மாதத்தில் திருவெம்பாவைக்குச் சங்கு ஊதிச் செல்வோர் எம்மை ஒழுங்கையிற் கண்டு வியந்தனர். தை பிறந்தபொழுது வியப்பும் தீர்ந்தது.

ஆகவே பிள்ளை பெற்ற இளம் தாய்மாருக்கு எமது சொல் இது: பாலுக்கு அஞ்சாதீர், அவசரத்துக்கு அஞ்சுங்கள். நோவும் கசிவும் வந்தால் மறைக்காமல் வைத்தியரிடமோ வீட்டுக்கு வரும் குடும்பநல மாதிடமோ சொல்லுங்கள். மாணவருக்கு, குறிப்பாக ஆண் மாணவருக்கு, ஒன்று சொல்வோம். நாளை உங்கள் வீட்டில் ஒரு பெண் விடியற்காலையிற் சப்பாத்து அணிந்து புறப்பட்டால், ஏன் என்று கேட்கவேண்டாம். குழந்தையை வாங்கிக்கொள்ளுங்கள்.